சொல்லிவிட்டுப் போன சனிக்கிழமைகள்

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எந்தக் கொம்பனி?"

கேட்டவர் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர். ஐம்பதைத் தாண்டியவர். பதிலுக்குக் காத்திராமல் என் ஸ்கூட்டரின் பின்பக்கம் போய் இலக்கத்தகட்டைக் கைபேசியில் படம் எடுத்தார்.

"கொம்பனி இல்லை அண்ணை. படிப்புக்காக வந்தனான்."

"உந்த வயசிலையோ?"

எனக்கு அப்போது முப்பத்தெட்டு. பதினொரு வருடம் ஒரு பத்திரிகையின் மன்னார் நிருபராக இருந்தேன். பத்திரிகை மாவட்ட நிருபர்களைக் குறைத்தபோது குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு முன் எடுத்தது விஞ்ஞானப் பட்டம். சுற்றாடல், புவி விஞ்ஞானத்தில் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று மாரி மழை முடிந்த கையோடு தீர்மானித்தேன். விண்ணப்பத்தோடு ஓர் ஆய்வு முன்மொழிவும் கேட்டிருந்தார்கள். முன்பு எனக்குக் கற்பித்த விரிவுரையாளரிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்டேன்.

"பட்டம் எடுத்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு வாற ஆளை நேர்முகத்திலை சந்தேகமாத்தான் பாப்பினம்" என்றார் அவர். "நீங்களே எடுத்த அளவு கொஞ்சம் கையிலை இருந்தால், சந்தேகம் கொஞ்சம் குறையும்."

நீரில் எவ்வளவு உப்புக் கரைந்திருக்கிறது என்று காட்டும் ஒரு சிறிய மானியை அவரே பஸ்ஸில் பொதியாக அனுப்பிவைத்தார். பேனையை விடக் கொஞ்சம் தடிப்பு. நுனியை நீரில் வைத்தால் இலக்கம் வரும்.

அந்த மானியோடுதான் தாழ்வுபாட்டில் நின்றேன். செயலாளர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முந்தி ஒரு பெடியனும் படிக்கிறதுக்கெண்டுதான் வந்தவன். நல்ல பெடியன். கோயிலுக்கும் வந்தவன். அவன் படிச்சுமுடியப் பாத்தா, பனங்காணிக்குள்ளை குழாய் நிக்குது."

அந்தக் குழாய்களை நான் பார்த்திருக்கிறேன். தீவின் மணலில் இருக்கும் கனிமத்துக்காகத் துளையிட்டுப் பார்த்தவர்கள், சில இடங்களில் வெள்ளை பிளாஸ்டிக் குழாயை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். முழங்கால் உயரம். சிலதற்கு மூடி இருந்தது, சிலதற்கு இல்லை. துளையிட வந்தவர்கள் தங்களை வெவ்வேறு விதமாக அறிமுகப்படுத்தியிருந்தார்கள்: தண்ணீர்த் திட்டம், வீதி அளவை, மாணவர். ஆகவே நான் எந்தப் பெயரைச் சொன்னாலும் அது ஏற்கெனவே ஒருவர் சொல்லிப்போன பொய்யாகவே இருந்தது.

"பேப்பரிலை இருந்தனீங்கள் எண்டுறியள். மண் பிரச்சினையை ஏன் எழுதேல்லை?"

"எழுதினனான். ரெண்டு பந்தி வந்தது."

"அதுதானே பாத்தன்" என்றார். அதன் பொருள் எதுவாகவும் இருந்திருக்கலாம்.

கடைசியில் சம்மதித்தார். ஒரு நிபந்தனை விதித்தார். "வாறதெண்டா முதல் நாள் சொல்லிப்போட்டு வாங்கோ. சொல்லாமல் வந்து வேலிக்கு மேலாலை எட்டிப் பாக்கிற வேலை வேண்டாம். அக்காவுக்கு ஒரு கோல் எடுத்துச் சொன்னாப் போதும்."

அக்கா என்றது அவருடைய சொந்த அக்காவை. கணவர் இல்லை. பிள்ளைகள் வெளியூரில். வளவில் கருவாடு போட்டு மன்னார் சந்தைக்குக் கொடுக்கிறவர். நிபந்தனை நியாயமாகவே எனக்குப் பட்டது. நிருபராக இருந்த காலத்திலும் அறிவித்துவிட்டுப் போவதே மரியாதை என்றிருந்தேன். அந்த நிபந்தனைதான் என் நான்கு மாத வேலையைக் கெடுக்கப்போகிறது என்று நானோ அவரோ அன்றைக்கு நினைக்கவில்லை.

ஆறு கிணறுகளைத் தெரிந்தெடுத்தேன். ஐந்து, ஆட்கள் குடியிருக்கும் வளவுகளில். ஆறாவது, அக்காவின் வளவுக்குப் பின்னால், சொந்தக்காரர் கனடாவுக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில். அந்தக் கிணற்றுக்கும் மூடியில்லாத ஒரு குழாய்க்கும் இடையில் இருபது அடிகூட இல்லை. ஆறு கிணறுகளிலும் அதுதான் குழாய்க்கு மிகக் கிட்ட.

என் சந்தேகம் எளிமையானது. இந்தத் தீவில் நல்ல தண்ணீர் என்பது மழை தந்தது. மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படையாகக் கிடக்கிறது. அந்தப் படையை ஊடுருவி ஆழத்துக்குத் துளை போட்டு, துளையை அடைக்காமல் விட்டால், கீழே இருக்கும் உப்பு மேலே வர வழி கிடைக்கும். வருகிறதா, இல்லையா? அதுதான் என் கேள்வி. வருகிறது என்ற பதிலை நான் கேள்வி எழுதிய அன்றைக்கே விரும்பத் தொடங்கிவிட்டேன். இதை அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

மாசியிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போனேன். வெள்ளி பின்னேரம் அக்காவுக்குக் கோல் எடுப்பேன்.

"அக்கா, நாளைக்கு வாறன்."

"வாங்கோ பிள்ளை, வாங்கோ. எத்தினை மணிக்கு?"

"எட்டுக்கு."

"எட்டுக்கோ? சரி, நான் எல்லாருக்கும் சொல்லிவிடுறன்."

மற்ற நாட்களில் படித்தேன். மேசையில் இரசாயனப் புத்தகம், மண்ணியல் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள். பத்திரிகையில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள அரை நாள் தருவார்கள், அதுவும் பிந்தினால் ஆசிரியபீடத்திலிருந்து கோல் வரும். இப்போது ஒரு சமன்பாட்டுக்கு மூன்று நாள் போனது. விஞ்ஞானப் பட்டம் எடுத்த அந்தப் பழைய பெட்டை நான்தானா என்றுகூடச் சந்தேகம் வந்தது.

சனிக்கிழமைக் குறிப்புகளை நிருபருக்குரிய ஒழுங்கில் எழுதினேன். நேரம், காற்று, நீர்மட்டம், இலக்கம், கண்ணில் பட்டவை. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கண்ணில் பட்டவை என்ற நிரலில் திரும்பத் திரும்ப வரும் வரிகள் இவை:

"கிணற்றடி மண் ஈரம். உடுப்புத் தோய்த்திருக்கலாம்."

"தென்னை அடிப் பாத்திகளில் தண்ணீர் நிற்கிறது."

"ஒழுங்கையில் கழுதைகள், ஒன்பது."

"கிணற்றடியில் நீச்சல் தடாக மணம்?"

"கழுதைகள் மீண்டும்."

எங்கள் தீவில் கழுதைகளைக் கண்டு யாரும் வியப்பதில்லை. சொந்தக்காரரில்லாமல் தெருவிலே திரிபவை. ஆனால் கோடையில், கடலோர ஒழுங்கையொன்றில், நான் போகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்பது கழுதைகள் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்? இந்தக் கேள்வியை என்னிடம் வேறொரு நிருபர் எழுதித் தந்திருந்தால், போய்க் கேட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பேன். நான் எழுதியதால் கேட்கவில்லை.

இலக்கங்கள் ஏறின. பங்குனியில் ஏறின, சித்திரையில் இன்னும் ஏறின. கோடையில் கொஞ்சம் ஏறுவது வழக்கம், ஆனால் இது அந்த வழக்கத்துக்கு மேலே போனது. ஐந்து கிணறுகளும் ஒரேமாதிரி ஏறின. ஆறாவது மட்டும் பெரிதாக அசையவில்லை.

நிருபராக எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு சம்பவத்தைப் பற்றி ஐந்து பேர் ஒரே வசனத்தைச் சொன்னால், அந்த வசனத்தை யார் முதலில் சொல்லிக்கொடுத்தார் என்று தேடுவேன். வேறுமாதிரிச் சொல்லும் ஆறாவது ஆளிடம் அதிக நேரம் இருப்பேன். இங்கே மறுவளமாகச் செய்தேன். குழாய்க்கு மிகக் கிட்ட இருந்த கிணறு, என் சந்தேகம் சரியென்றால் எல்லாவற்றையும்விட மோசமாகியிருக்க வேண்டிய கிணறு, நன்றாகவே இருந்தது. முன்மொழிவில் அதற்கு ஒரு வரி எழுதினேன்: "பாவனையில் இல்லாத கிணறாதலால் ஒப்பீட்டிலிருந்து நீக்கப்பட்டுள்ளது." வசனம் நன்றாகவே அமைந்திருந்தது. ஐந்து கோடுகள் மேலே ஏறும் வரைபடத்தோடு முன்மொழிவைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். நேர்முகத்துக்கு ஆனி மாதத்தில் ஒரு திகதி வந்தது.

வரைபடத்தின் பிரதியொன்றைச் செயலாளர் கேட்டார். துளைகளுக்கு எதிராக மாவட்டச் செயலகத்துக்கு ஒரு மனு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குக் கதிரை போட்டு இருத்தினார். தேநீரும் வந்தது.

நேர்முகத்துக்கு மூன்று கிழமை இருக்கையில், ஒரு புதன்கிழமை, நீர்மட்டம் அளக்கும் நாடாவை அக்காவின் கிணற்றுக் கட்டில் மறந்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. கோல் எடுத்தேன், அக்காவின் தொலைபேசி வேலை செய்யவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு திரும்புவதுதானே என்று சொல்லாமலே போனேன். அக்கா வளவில் இல்லை. ஒழுங்கையில் கழுதைகளும் இல்லை. கிணற்றடி காய்ந்து கிடந்தது. நாடா வைத்த இடத்திலேயே இருந்தது. பழக்கத்தில் மானியை எடுத்து நீரில் வைத்தேன்.

இலக்கம் மாசியில் பார்த்த அளவுக்குக் கிட்ட இறங்கியிருந்தது.

முதலில் மானியைச் சந்தேகித்தேன். பையில் இருந்த, உப்பின் அளவு முன்பே தெரிந்த நியமக் கரைசலில் வைத்துப் பார்த்தேன். மானி சரி. அடுத்த வளவுக்குப் போய், கேட்டுவிட்டு, அங்கும் வைத்தேன். அங்கும் இறங்கியிருந்தது. இடையில் மழை இல்லை. நான்கு நாளைக்கு முன்பு சனிக்கிழமை உவர்த்துக் கிடந்த நீர் எப்படிப் புதன்கிழமை நல்ல தண்ணீரானது?

திரும்பி வந்து அக்காவின் கிணற்றடியில் நின்றேன். கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, கருவாடு போடும் பந்தலுக்குக் கீழே, உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. நான்கு மூட்டைகள். ஒன்று வாய் திறந்து, மேலே ஒரு சிரட்டை. நான்கு மாதமாக, போன ஒவ்வொரு சனியும் அதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதையும் கிணற்றையும் ஒரே பார்வையில் பார்த்தேன்.

நான் வருகிறேன் என்று வெள்ளிக்கிழமை சொல்லுகிறேன். சனிக்கிழமை கிணறு உவர்க்கிறது. மனுவுக்கு உவர்த்த கிணறு வேண்டும். ஆட்கள் இல்லாத வளவில் உப்புப் போட ஒருவரும் இல்லை.

எல்லாம் பொருந்தியது. எனக்கு ஊட்டப்பட்ட பொய்யை நான் படம் கீறிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தேநீரும் கதிரையும் எதற்காக வந்தன என்றும் அப்போது விளங்கியதாக நினைத்தேன்.

அடுத்த கிழமை வெள்ளி பின்னேரம் வழக்கம்போலக் கோல் எடுத்தேன்.

"அக்கா, நாளைக்கு எட்டுக்கு வாறன்."

"வாங்கோ பிள்ளை."

சனிக்கிழமை விடிந்த கையோடு, ஐந்தே முக்காலுக்கு அங்கே நின்றேன். ஸ்கூட்டரைக் கோயிலடியில் விட்டுவிட்டு, பூட்டிய வீட்டு வளவுக்குள்ளால் நடந்து, அக்காவின் கிடுகு வேலிக்குப் பின்னால் போனேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். செய்யாதே என்று செயலாளர் முதல் நாளே சொன்ன காரியம்.

நீரிறைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அறிந்தவரை அது சங்கத்துடையது. இரண்டு சில்லு வண்டியொன்றில் ஏற்றியிருந்தது. தடித்த குழாய் வழியாகத் தண்ணீர் தென்னைகளுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. ஒழுங்கைப் பக்கம் வழிந்த நீரைக் கழுதைகள் குடித்துக்கொண்டிருந்தன. கிணற்றுக்குள்ளிருந்து செயலாளரின் குரல் வந்தது.

"அக்கா, அந்தத் தும்புத்தடியைத் தாங்கோ. இந்தப் பக்கம் பாசி."

"கெதியா உரஞ்சு. இனி வாசிகசாலையடிக் கிணறும் கிடக்கு. எட்டு மணிக்குப் பிள்ளை வந்திடும்."

"வரட்டுமன். பிரித்தானிய மகாராணியோ வாறது?"

"உனக்கென்ன, குத்துறது எனக்கெல்லோ. போனமுறை ஒரு தும்பு மிதந்ததைக் கண்டு கொப்பியிலை எழுதினது. நான் பாத்தனான்."

செயலாளர் ஏணியில் ஏறி வெளியே வந்தார். அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு பந்தலுக்குக் கீழே போய், ஒரு பீங்கான் கோப்பையில் வெள்ளையாக எதையோ அள்ளிவந்து, கிணற்றுக் கட்டில் வைத்தார்.

படலையைத் திறந்து உள்ளே போனேன். இருவரும் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். நேரே கோப்பையடிக்குப் போய், விரலால் தொட்டு, நாக்குக்குக் கொண்டுபோனேன்.

"ஐயோ பிள்ளை, நக்காதேங்கோ! வாய் வெந்துபோம்!"

அக்கா என் கையைத் தட்டிவிட்டார். அப்போதுதான் மணம் மூக்கில் ஏறியது. குளோரின் தூள். கொப்பியில் நீச்சல் தடாகம் என்று நான் எழுதியிருந்த மணம்.

"ஏன் அக்கா கிணறு இறைக்கிறியள்?"

"இதென்ன கேள்வி? நீங்கள் வாறியள் எண்டுதான்."

"நான் வந்தா ஏன் இறைக்கோணும்?"

அக்கா தம்பியைப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது போல.

"பி.எச்.ஐ. வந்து கிணத்துக்கை புழு கண்டா வழக்குப் போடுறார். முந்தின வருசம் பக்கத்து வளவுக்குப் போட்டவர். நீங்களும் மீற்றரோடை வாறியள், கிணத்தைப் பாக்கிறியள், கொப்பியிலை எழுதுறியள். அழுக்குக் கிணத்தைக் காட்டி எங்கட மானத்தை வாங்கிறதோ? அஞ்சு வளவுக்கும் சொல்லி, விடியவே இறைச்சுத் துப்புரவாக்கித்தான் வைச்சிருக்கிறம். ஒவ்வொருமுறையும்."

டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்றால் தீவு முழுக்கவும் கிணறு இறைப்பது எனக்குத் தெரியாத விடயமில்லை. மன்னார் டவுனில் என் வீட்டிலும் அப்படித்தான். சிரட்டைகளைக் கவிழ்ப்போம், கிணற்றை இறைப்போம், தூள் போடுவோம். பரிசோதகர் ஒருவரும் இந்தத் தீவில் கிணறு தன் இயல்பில் எப்படிக் கிடக்கும் என்று பார்த்திருக்க மாட்டார். அந்த வரிசையில் நானும் சேர்ந்திருந்தேன்.

கிணற்றுக் கட்டில் இருந்தேன். மிச்சத்தைப் புத்தகம் சொன்னது. மெல்லிய நல்ல தண்ணீர்ப் படையை இயந்திரம் போட்டு ஒரேயடியாக இறைத்தால், அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து உவர் ஏறிவரும். சில நாளில் மெல்ல அடங்கும். கோடை கூடக்கூடப் படை மெலியும். ஏறும் உவரும் கூடும். ஐந்து கோடுகளும் ஏன் ஒன்றாக ஏறின என்பதற்கு இயந்திரம் காரணம். ஆறாவது ஏன் அசையவில்லை என்பதற்கும் அதுதான். அங்கே மானம் போக யாரும் குடியிருக்கவில்லை. குழாய்த் துளைகளைப் பற்றி என் அளவுகள் எதையும் சொல்லவில்லை. உவர் வருகிறது என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை.

அக்கா இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை என் விரலுக்குப் போனது, பிறகு கோப்பைக்கு, பிறகு பந்தலுக்குக் கீழே திறந்து கிடந்த உப்பு மூட்டைக்கு.

"நான் உப்புப் போட்டனெண்டோ நினைச்சனீங்கள்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு வாசிகசாலையடிக் கிணற்றை அவர்கள் இறைக்கவில்லை.

நேர்முகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. விரிவுரையாளருக்குக் கோல் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

"திருத்தம் எண்டு ஒண்டு அனுப்பினால், நேர்முகத்திலை அதைத்தான் கேப்பினம். வேறை ஒண்டும் கேக்கமாட்டினம்."

"அனுப்பாட்டி?"

"அனுப்பாட்டி ஆருக்கும் தெரியவராது." பிறகு, "நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

அவர் என்னைச் சோதிக்கிறாரா, காப்பாற்றப் பார்க்கிறாரா என்று அன்று முழுக்க யோசித்தேன். இரண்டுக்கும் ஒரே குரல்தான் இருந்தது. பத்திரிகையில் இருந்தபோது பிழைதிருத்தக் குறிப்பு எழுதுவது எனக்குப் பிடிக்காத வேலை. உள்பக்கத்தில், சிறிய எழுத்தில், நான்கு வரியில் முடித்துவிடுவோம். இதை நான்கு வரியில் முடிக்க முடியவில்லை. இரண்டு பக்கம் வந்தது. ஐந்து கிணற்றின் அளவுகளையும் மீளப்பெறுகிறேன், காரணம் இது, நீக்கிய ஆறாவது கிணற்றின் அளவுகளை இணைத்திருக்கிறேன், அதை நீக்கியதற்கு நான் எழுதிய காரணம் போதாது. திங்கட்கிழமை அனுப்பினேன்.

அதைவிடக் கடினமாக இருந்தது செயலாளரிடம் போய் மனுவிலிருந்து வரைபடத்தை எடுக்கச் சொன்னது. வள்ளத்தடியில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

"மனுவிலை கிடக்கிற ஒரே ஒரு படம் அதுதான். எடுத்தா என்ன மிச்சம்? கையெழுத்தும் கண்ணீரும்."

"பிழையான படம் அண்ணை. கொம்பனி ஆக்கள் ஒரு நாள் வந்து அளந்தாப் போதும், மனு முழுக்கப் பொய் எண்டு சொல்லிப்போடுவாங்கள்."

"இப்ப நீங்கள் சொல்லுறது அதைவிட மோசம். கிணறு உவர்க்கிறது நாங்கள் இறைக்கிறதாலை எண்டு சொல்லுறியள். குழாய் போட்டவன் நல்லவன், கிணத்தைக் கெடுக்கிறது நாங்கள்."

"அப்பிடிச் சொல்லேல்லை. குழாயைப் பற்றி இன்னும் தெரியாது எண்டுதான் சொல்லுறன்."

"தெரியாதெண்டு எழுதினா அவங்கள் என்னெண்டு வாசிப்பாங்கள்?"

பதினொரு வருட அனுபவத்தில், குழாயில் பிழையில்லை என்றுதான் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஆர் வந்து உங்களைச் சந்திச்சது?"

"ஒருத்தரும் இல்லை."

"நாலு மாசம் குழாய்தான் எண்டு சொன்னனீங்கள். ஒரு சனிக்கிழமையிலை மாறீட்டியள். ஒருத்தரும் சந்திக்கேல்லை?"

"அந்தச் சனிக்கிழமை நீங்கள்தான் கிணத்துக்குள்ளை நிண்டனீங்கள் அண்ணை."

அவருக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை. படத்தை எடுத்தாரா என்று சொல்லவும் இல்லை.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். விரிவுரையாளர் சொன்னபடியே நடந்தது. நடுவில் இருந்தவர் என் திருத்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை அனுப்பச் சொல்லி ஆரும் சொன்னவையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அனுப்பாமல் விடச் சொல்லி?" என்று கேட்டார். விரிவுரையாளரின் குரல் நினைவுக்கு வந்தது. இல்லை என்றேன். உண்மையும்கூட, அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் சொல்லியிருந்தார். பிறகு இருபது நிமிடம் ஆறாவது கிணற்றைப் பற்றியே கேட்டார்கள்.

ஆடியில் கடிதம் வந்தது. இடம் கிடைத்திருந்தது. அதோடு ஒரு நிபந்தனை: அதே ஆறு கிணறுகளையும், முன்னறிவித்தல் இல்லாமல், ஒரு வருடம் அளக்க வேண்டும். கிணற்றுக்காரரின் சம்மதக் கடிதம் கட்டாயம். சொல்லாமல் வருவதற்குச் சம்மதம் கேட்க, சொல்லாமல் வராதே என்றவரிடமே போகவேண்டியிருந்தது.

அக்காவின் வளவுக்குப் போனேன். அக்கா கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் மற்றப் பக்கத்தில் இருந்து புரட்டத் தொடங்கினேன். ஒரு பாய் முடிந்த பிறகு, "அப்பிடியில்லை, செதில் பக்கம் கீழை" என்றார். அவ்வளவுதான். கடிதத்தை அவரிடம் நீட்டினேன். தம்பியைக் கூப்பிட்டார்.

செயலாளர் கடிதத்தை வாங்கினார். ஆங்கிலத்தில் இருந்தது. மேலே இருந்த இலச்சினையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சொல்லாமல் வரலாம்" என்றார். "ஆனா நானும் வருவன். நீங்கள் அளந்து உங்கட கொப்பியிலை எழுதுங்கோ. நான் அளந்து என்ர கொப்பியிலை எழுதுவன்."

அடுத்த நாள் அந்தக் கொப்பியோடு வந்தார். பாடசாலைக் கொப்பி, எண்பது பக்கம். ஒழுங்கையில் கழுதைகள் நின்றன. அன்றைக்கு இயந்திரம் ஓடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டன. நான் மானியை நீரில் வைத்து எழுதினேன். அவர் வாங்கி, துடைத்து, தானும் வைத்துப் பார்த்து, எனக்குத் தெரியாதபடி கையால் மறைத்து எழுதினார். பிறகு என் கொப்பியைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார்.

"உங்கட கொப்பியை நானும் ஒருக்காப் பாக்கலாமோ அண்ணை?"

கொப்பியை மூடிக் கமக்கட்டுக்குள் வைத்தார்.

"இது எங்கட ஊரின்ர" என்றார்.